பவுனுக்குப் பொங்கல் ஊட்டிய வருடம்

எனக்கு எண்பத்தொரு வயது நடக்கிறது. வளர்த்தது எட்டு. ஐந்து பிள்ளைகள், மூன்று குதிரைகள். யார் கேட்டாலும் சேர்த்துத்தான் சொல்வேன். "குதிரையெல்லாமா அத்தை கணக்குல வரும்?" என்று மூத்த மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். கொள்ளு அவித்ததும், புண்ணுக்கு எண்ணெய் போட்டதும், ஈ ஓட்டியதும் நான். கணக்கு என்னுடையது.

பிள்ளைகளைப் பற்றிப் போன வாரங்களில் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத்து என்றால் என் பெயரோடு சரி. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இந்த வாரம் நடுக்குதிரை. அதன் பெயர் பவுனு.

தை மாதத்துக் காலை. கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அப்போது ஆரப்பாளையத்தில், பத்துப் பன்னிரண்டு குடித்தனம் இருந்த ஒரு வளவில் இருந்தோம். வளவின் கடைசியில் ஓட்டுக் கொட்டில். அதில் குதிரை, வெளியே வண்டி. என் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டினார்.

காணும் பொங்கல் அன்றைக்கு. சவாரிக்கு ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கடிவாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குள் போனார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஏ புள்ள, இங்க வா" என்று குரல் வந்தது. குதிரை விஷயத்துக்கு என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவர் இல்லை அவர். ஈரக்கையோடு ஓடினேன்.

பவுனு நின்றுகொண்டிருந்தாள். நின்ற விதம்தான் சரியில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி வைத்து, பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்திருந்தாள். மேல் உதடு நடுங்கியது. கழுத்தில் வேர்வை, அந்தப் பனியிலும்.

அவர் தலைக்கயிற்றை இழுத்தார். வரவில்லை. பிடரியில் தட்டினார். ஒரு காலைத் தூக்கினாள். தரையில் வைக்கப் பயந்தவளாகத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

நான் குனிந்து குளம்பில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து அப்போது இறக்கிய சட்டி போலச் சுட்டது.

"இந்தாருங்க, நேத்துத் தின்னது சேரல" என்றேன்.

"சும்மா இரு" என்றார். சொன்ன வேகத்திலேயே தெரிந்துவிட்டது, அவருக்கும் அதே நினைப்புதான் என்று.

லத்தி பார்க்கும் வேலை

நான் பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம். கிணற்றுப் பாசனம், உழவு மாடு, பால் மாடு. மாடு எனக்குத் தெரியும். கட்டிக்கொடுத்து இங்கே வந்த பிறகுதான் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தேன்.

மாடு படுத்திருந்தால் வீட்டுக்காரிக்கு நிம்மதி. குதிரை படுத்திருந்தால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மாடு எதைத் தின்றாலும் உட்கார்ந்து அசை போட்டு ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடும். குதிரைக்கு உள்ளே போனது போனதுதான். வாந்தி எடுக்கக்கூட வராது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது லாடம் அடிக்கிற காதர் பாய். மாதம் ஒரு முறை பையோடு வருவார். பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, புது லாடம் அடிப்பார். குளம்பு சீவின வாசம் முடி தீய்ந்த வாசம் மாதிரி இருக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நிற்பார்கள்.

"தங்கச்சி, கொள்ளு ஒரு கை கொறைஞ்சா பசியோட ஓடிப்புடும். ஒரு கை கூடுனா படுத்துக்கும். ஆசைக்கு அள்ளிப் போட்றாதீங்க" என்பார்.

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை கொட்டிலுக்குப் போய்க் குதிரை போட்ட லத்தியைப் பார்ப்பது. உருண்டையாக, விழுந்தால் உடைகிற பதத்தில் இருக்க வேண்டும். இறுகியிருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை. இளகியிருந்தால் தீனி சரியில்லை. மூஞ்சியைச் சுளிக்காமல் கையில் எடுத்தே பார்ப்பேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. மெயின் ரோட்டில் எத்தனையோ வண்டிக் குதிரைகள் விலா எலும்பு தெரிய நின்ற காலத்தில், எங்கள் பவுனு மினுமினு என்று நின்றாள். "யார் வீட்டுக் குதிரை?" என்று கேட்டவர்களுக்கு அவர் பெயரைச் சொன்னார்கள். பரவாயில்லை. எனக்குத் தெரியும்.

ஓடி வந்த சூட்டோடு தண்ணீர் காட்டக்கூடாது. வாரை அவிழ்த்து, வைக்கோல் சுருட்டி முதுகெல்லாம் தேய்த்து, மூச்சு அடங்கின பிறகுதான் வாளி. வார் பட்டுத் தோல் கழன்றால் மஞ்சளும் வேப்பெண்ணெயும். சாயங்காலம் ஆற்று மணலுக்குக் கூட்டிப் போனால் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு புரளுவாள். எழுந்து உடம்பை உதறினால் எங்கள் மேலெல்லாம் மணல்.

செவலை நிறம். வெயிலில் நிறுத்தினால் நகை மாதிரி இருப்பாள். சந்தையிலிருந்து பிடித்து வந்த அன்றே என் இரண்டாவது மகள்தான் "பவுனு" என்று பெயர் வைத்தாள். எங்கள் வீட்டில் இருந்த பவுனும் அது ஒன்றுதான்.

மாடில்லாத வளவு

எங்கள் வளவில் இருந்தவர்கள் எல்லோரும் கிராமத்திலிருந்து வந்தவர்கள். மில் வேலை, காய்கறி வியாபாரம், லாட்ஜில் வேலை என்று ஆளுக்கொரு பிழைப்பு. மாட்டுப் பொங்கல் வந்தால் எல்லோருக்கும் ஒரே குறை. மாட்டுக்கு ஊட்டாமல் எப்படி நம் இலையில் பொங்கல் வைப்பது? ஊரில் பிறந்ததிலிருந்து அப்படித் தின்று பழக்கமில்லை.

நாங்கள் பவுனுக்கு ஊட்டுவோம். நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, எங்கள் பானையிலிருந்து ஒரே ஒரு உருண்டை. அதுவும் எலுமிச்சம்பழம் அளவு. முதல் வருடம் நாங்கள் மட்டும். பிறகு பக்கத்து வீட்டுச் செல்லம்மா, அவளைப் பார்த்து எதிர்வீடு. அந்த வருடம் வளவில் எல்லாக் குடித்தனத்திலும் தனித்தனியாகப் பொங்கல் வைத்திருந்தார்கள். காலையிலேயே ஆளுக்கொரு வாழை இலையோடு கொட்டில் வாசலில் வரிசை.

மூன்றாவது இலையில் நான் செல்லம்மாவின் கையைப் பிடித்தேன்.

"போதும் மதினி, தாங்காது. பாய் வைவாரு."

"என்ன மதினி, ஒங்க வீட்டுப் பொங்கல்னா திம்பா, எங்க வீட்டுதுன்னா கசக்குமா?" என்றாள் செல்லம்மா. "எங்க வெல்லம் என்ன, மண்ணா?"

என் வீட்டுக்காரர் அன்றைக்குப் புது வேட்டி. நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "விடு புள்ள, வருசத்துல ஒரு நாளு. அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றார்.

"இது மாடா?"

"ஒனக்கு இல்ல. வளவுக்கு இன்னைக்கு இவதேன் மாடு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு இலையிலிருந்தும் அவரே வாங்கி உருட்டி, உள்ளங்கையை விரித்து வைத்து ஊட்டினார். "பொங்கலோ பொங்கல்" என்று பிள்ளைகள் தட்டைத் தட்டினார்கள். பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், கரும்புத் துண்டு. பவுனு அவர் கையை நக்கி நக்கித் தின்றாள். மூக்கெல்லாம் பிசுபிசுப்பு. செல்லம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு யாரைப் போய் நான் வைவது? அத்தனை பேரும் ஆசையாகத்தான் ஊட்டினார்கள்.

சாயங்காலம் லத்தி இளகியிருந்தது. சொன்னேன். "விடிஞ்சா சரியாப் போயிரும்" என்றார்.

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்

விடிந்ததும் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

காதர் பாய் வந்தார். சுத்தியலால் குளம்பில் மெதுவாக ஒரு தட்டுத்தான் தட்டினார். பவுனுக்கு உடம்பு முழுக்க உதறல் எடுத்தது.

"அண்ணே, என்ன குடுத்தீங்க?"

"பொங்கல்" என்றேன் நான்.

"எம்புட்டு?"

"வளவு முழுக்க."

"யா அல்லா" என்று பாய் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். லாடத்தையெல்லாம் கழற்றினார். "தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க. மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூட்டியாங்க" என்றார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணாடி போட்டிருந்தார். கொட்டிலின் ஈரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஊசி போட்டார். வயிறு கழிய மருந்து கொடுத்தார்.

"அரிசியும் வெல்லமும் உள்ள புளிச்சுப் போச்சும்மா. அந்த விஷம் கால்ல இறங்கியிருக்கு. குளம்புக்குள்ள ஒரு எலும்பு இருக்கு. அதைக் குளம்போட பிடிச்சிருக்கிற சதை வெந்துபோன மாதிரி ஆயிருச்சு. அது முழுக்க விட்டுப்போச்சுன்னா எலும்பு கீழ இறங்கிரும்."

"எறங்குனா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்ப அதைப் பேச வேண்டாம். தண்ணி ஊத்துங்க. மணல் பரப்பி விடுங்க."

அன்றிலிருந்து வளவுப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வந்தார்கள். குழாயில் தண்ணீர் பிடிக்கச் சண்டை போடுகிறவர்கள், தங்கள் முறைத் தண்ணீரைக் கொண்டுவந்து பவுனின் காலில் ஊற்றினார்கள். செல்லம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றுவாள், குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு அழுகை வந்தால் குடத்தில் தண்ணீர் ஆடும். அதை வைத்துக் கண்டுபிடிப்பேன்.

மாசியில் கொஞ்சம் தேறினாள். கொட்டிலிலிருந்து வளவு வாசல் வரைக்கும் தானாக நடந்து வந்தாள். முள் மேல் நடக்கிற மாதிரிதான். ஆனாலும் நடந்தாள். அவர் அன்றைக்கு வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டார்.

அந்த நடைதான் கடைசி. பங்குனி பிறந்ததும் திரும்பவும் சாய்ந்து நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள். டாக்டர் வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். குளம்பின் அடிப்பக்கம் பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ வெளியே வரப் பார்க்கிற மாதிரி.

"எலும்பு இறங்கிருச்சு. இனிமே மருந்துன்னு நான் எழுதிக் குடுத்தா அது பொய்ம்மா. இது வலியிலதான் சாகும். எத்தனை நாளுன்னு சொல்ல முடியாது. ஊசி ஒண்ணு இருக்கு. தூங்குற மாதிரி போயிரும். நீங்க ரெண்டு பேரும் கலந்து சொல்லுங்க."

பிடிமண்

கலந்து பேச அங்கே ஒன்றும் இல்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் தன் சொந்த ஊருக்குப் போய்ப் பிடிமண் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ஊர் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது வழக்கம். நேர்ந்துகொண்டவர் ஊர்க் கண்மாய் மண்ணில் ஒரு பிடி எடுத்து, குதிரை செய்கிற வேளார் கையில் கொடுப்பார். அந்த மண் கை மாறின நிமிடத்திலிருந்து அது சாமி காரியம். திரும்ப வாங்க முடியாது. வைகாசியில் குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கி வைப்பார்கள். பவுனு எழுந்து நடந்தால் குதிரை வைக்கிறேன் என்று அவர் நேர்ந்துகொள்ளவில்லை. குதிரை வைக்கிறேன், நீ அவளை எழுப்பு என்று முதலிலேயே மண்ணைக் கொடுத்துவிட்டார். செவலை நிறம் அடிக்கச் சொல்லியிருந்தார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"பிடிமண் குடுத்தாச்சு. அங்க சாமிக்குக் குதிரை உருவாகிக்கிட்டு இருக்கு. இங்க உசுருள்ளத ஊசி போட்டுக் கொல்லச் சொல்றியா?"

"வலியில கெடக்குங்க."

"சாமி பாத்துக்கிரும்."

"சாமி பாக்கட்டும். நான் தெனமும் பாக்குறேன்ல."

அவர் தன் வலது கையை என் முன்னால் நீட்டினார். "இந்தக் கைதேன் ஊட்டுச்சு. ஊசி போடுன்னும் இதே கையக் காட்டணுமா?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

சித்திரை முழுக்க அப்படியே போனது. வண்டி ஓடாததால் அவர் விடிந்ததும் மூட்டை தூக்கப் போய்விடுவார். சாயங்காலம் வந்து பவுனின் தலைமாட்டில் உட்காருவார். பகல் முழுக்க நானும் அவளும். ஒரே பக்கம் கிடந்தால் இடுப்பெலும்பில் புண் வரும். வைக்கோலை முட்டுக் கொடுத்து நானும் செல்லம்மாவும் புரட்டிப் போடுவோம். புரட்டும்போது ஒரு சத்தம் போடுவாள். கனைப்பு இல்லை. மனுஷி முக்குகிற மாதிரி. எவ்வளவு பார்த்தும் புண் வந்தது. வேப்பெண்ணெய் போட்டேன். ஈ வந்தது. பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பேன். கை ஓய்ந்தால் ஈ உட்கார்ந்துவிடும். கொள்ளுத் தண்ணீரைக் கிண்ணத்தில் வாயோரம் ஊற்றினால் பாதி உள்ளே, பாதி மண்ணில்.

மினுமினு என்று இருந்த தோல் சாக்கு மாதிரி ஆனது. வாசல் வழியாகப் போகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் வளர்த்த குதிரையைப் பார்த்து ஊர் மூக்கைப் பொத்தியது.

பிள்ளைகளை வளர்க்கையில் காய்ச்சல், அம்மை எல்லாம் பார்த்திருக்கிறேன். விடியும், இறங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். இதில் எதை நம்பி விசிறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உச்சி வரைக்கும்

வைகாசி வந்தது. மண்குதிரை தூக்குகிற அன்று காலையில் அவர் பையில் வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகச் சொன்னேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இன்னைக்கு டாக்டரக் கூட்டியாரப் போறேன்."

அவர் கை நின்றது. "குதிரைய எறக்கி வைக்கிற வரைக்குமாச்சும் பொறுக்க மாட்டியா?"

"நான் பொறுப்பேன். அவ பொறுப்பாளான்னு போய்க் கேளுங்க."

கொட்டிலுக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரவில்லை; துடைக்காமலே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்று, "உச்சிக்குள்ள கோயில்ல எறக்கிருவாங்க" என்றார். போய்விட்டார்.

அதுதான் அவர் சம்மதம். உச்சிப் பொழுது வரைக்கும் பொறு, பிறகு உன் இஷ்டம்.

டாக்டர் உச்சிக்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டார். பையைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. ஊர்ல இன்னும் குதிரை எறக்கல."

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். வண்டியின் ஏர்க்காலில் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில்தான் பவுனுக்கு மூச்சு மாறியது. கால்களை உதைத்துக்கொண்டாள். புண்ணான இடுப்பு மணலில் உரசியது. அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. கூட வந்திருந்த காதர் பாய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். "போட்டுரலாம் மதினி, பாக்க முடியல" என்று செல்லம்மா அழுதாள். டாக்டரும் எழுந்து வந்து நின்றார். நான் மட்டும் வாசலில் விழுந்த ஓட்டு நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமியின் பேரில் எனக்கு அப்போது ஒன்றும் இல்லை. அந்த மனுஷனுக்காகத்தான். மண்குதிரை தரையில் இறங்குகிற வரைக்கும் இவளுக்கு உயிர் இருந்தது என்றால், அவர் வாக்கைக் காப்பாற்றினார் என்று ஆகும். அதையாவது அவருக்குக் கொடுக்கலாம் என்று பொறுத்தேன்.

நிழல் சுவரோடு ஒட்டியது. டாக்டரைப் பார்த்தேன்.

ஊசி போட்டதும் சத்தம் நின்றது. கழுத்து கனத்தது. கண்ணை நான் மூடிவிட்டேன். இமை மூடி நிற்கவில்லை. குதிரைக் கண் பெரிது.

பாயும் வளவு ஆண்களும் வண்டி பிடித்து ஆற்றோரம் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நான் மணலைக் கூட்டி வாரினேன்.

அவர் மறுநாள் காலையில் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கொட்டிலை எட்டிப் பார்த்தார். நடையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"எப்போ?"

"உச்சிக்கு. நீங்க சொன்ன நேரம் வரைக்கும் பொறுத்தேன்."

சொம்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"வழியில மழை புடிச்சிருச்சு. மண்குதிரை நனையக் கூடாதுன்னு மரத்தடியிலயே நின்னுட்டம். எறக்குறப்ப பொழுது சாஞ்சு போச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஒரு பொழுது பவுனு பட்ட பாடு யாருக்கும் ஆகாமல் போனது. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. செல்லம்மா சொல்லியிருப்பாள். அவரும் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு மூன்றாவது குதிரை வந்தது. அவர்தான் ஓட்டினார். தொட்டியில் தீனியைக் கொட்டிவிட்டுத் தள்ளி வந்து நின்றுகொள்வார். கையில் வைத்து எதையும் நீட்டவே மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி வாயைத் திறந்தால், தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பார். ஊட்ட மாட்டார். கல் நெஞ்சுக்காரர் என்று என் பிள்ளைகளே பேசியிருக்கிறார்கள். நான் வாய் திறந்ததில்லை.

"ஏத்தா, ஏன் பேனாவக் கீழ வச்சுட்ட? ஒனக்கும் இந்த அப்பத்தா கையாலதேன் சோறு. ஒங்க தாத்தா ஒனக்கு ஒரு வாய் ஊட்டுனது இல்ல. கோவமா இருந்தியாக்கும் இம்புட்டு நாளா? சரி, கண்ணத் தொடச்சுக்க. எழுதுன வரைக்கும் எடு. மொதல்ல இருந்து வாசி, கேப்போம்."